ரெண்டு மணி பத்து நிமிஷம்

அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. பயமெல்லாம் ஒன்றும் கிடையாது. அதே பெயரில் உத்திரமேரூர் பஜார் தெருவில் இன்னும் நாலு நல்ல மனுஷர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எதற்கு வீண் பழி? தெருவில் எல்லோரும் அவரை ஃபாரின் சார் என்றுதான் கூப்பிட்டார்கள், நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். பின்னால் 'அவன்' என்று மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். வாய் வரவில்லை. அதனால் 'அவர்' என்றே எழுதுகிறேன். மரியாதை என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

தொண்ணூறுகளில் என் தையல் கடையும் அவருடைய ஆபீஸும் ஒட்டிக்கொண்டிருந்தன. கடைக்குச் சொந்தக்காரர் ஒரே கடையைப் பலகை வைத்து இரண்டாகத் தடுத்து, ஆளுக்குப் பாதி விட்டிருந்தார். நான் மெஷினை நிறுத்தினால் அந்தப் பக்கம் அவர் பேப்பர் புரட்டுவது கேட்கும். கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் திரும்பி வந்து மெஷின் போட்டவள் நான். உட்கார்ந்து வம்பு பேச ஆள் கிடையாது. ஜாக்கெட்டுக்கு ஊக்கு தைத்துக்கொண்டே பலகைக்கு அந்தப் பக்கத்துப் பேச்சைக் கேட்பதுதான் எனக்கு ரேடியோ.

அவர் தொழில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புவது. மெட்ராஸில் இருந்த ஒரு பெரிய ஏஜென்ட்டுக்கு இந்தப் பக்கத்து ஆள் இவர். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு பெஞ்சு, அவ்வளவுதான் ஆபீஸ். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு வரைபடம் இருக்கும். ஃப்ளைட்டில் கொடுக்கிற புத்தகத்திலிருந்து கிழித்தது. ஊருக்கு ஊர் சிவப்புக் கோடு போட்டிருக்கும். யாராவது வந்து உட்கார்ந்தால் கட்டை விரலை ஒரு ஊரில் வைப்பார், ஆள்காட்டி விரலை இன்னொரு ஊரில் வைப்பார்.

"தோ, இது சிங்கப்பூர். இது கோலாலம்பூர். முந்நூறு கிலோமீட்டர். ஃப்ளைட்ல ஒரு மணி நேரம். நீ இங்கேர்ந்து பஸ் ஏறி காஞ்சிபுரம் போய் எறங்கறதுக்குள்ள, அவன் அங்க எறங்கி காபி குடிச்சிட்டு டம்ளரைக் கவுத்து வெச்சிருப்பான்."

கேட்பவர்கள் சிரிப்பார்கள். நானும் எத்தனையோ முறை சிரித்திருக்கிறேன். பாலாற்றைத் தாண்டாத ஜனங்களுக்குக் கடலைத் தாண்டுவது ஒரு பஸ் பயணமாகத் தெரிந்துவிடும்.

அவர் தூரத்தைத் தூரமாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை. கிலோமீட்டரை ஒரு தரம் சொல்வார், உடனே நேரத்துக்கு வந்துவிடுவார். அதிலும் நிமிஷக் கணக்கு. ரவுண்டாகச் சொன்னால் பொறுக்க மாட்டார். ஒரு முறை சிங்கப்பூரில் வேலை பார்த்து லீவில் வந்த ஒருவன் பெஞ்சில் உட்கார்ந்து, "சிங்கப்பூர் டு பாங்காக் ரெண்டு மணி நேரம் சார்" என்று பீற்றிக்கொண்டிருந்தான். இவர் உடனே, "ரெண்டு மணி இருபத்தஞ்சு நிமிஷம். சொம்மா வாய்ல வந்ததைச் சொல்லாத. உன்ன நம்பி ஒருத்தன் அந்த இருபத்தஞ்சு நிமிஷத்துல இன்னா பண்ணுவான்?" என்றார். போய் வந்தவனே வாயை மூடிக்கொண்டான்.

இவர் ஃப்ளைட் ஏறியிருக்கிறாரா என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பார்.

கையில் கட்டியிருந்த வாட்ச் சிங்கப்பூர் நேரம் காட்டும். நம் நேரத்துக்கு இரண்டரை மணி முன்னால். "மணி இன்னா சார்?" என்று கேட்டால், "ஒண்ணே முக்கால்" என்பார். வெயில் உச்சிக்குக்கூட வந்திருக்காது. எங்கள் வரிசையில் கடை வைத்திருந்த எல்லோரும் இரண்டரையைக் கழித்துக்கொள்ளப் பழகிவிட்டோம். வெளியூர்க்காரர்கள்தான் ஏமாந்து, பஸ்ஸை விட்டுவிட்டோம் என்று பதறி ஓடுவார்கள். "சிங்கப்பூர் டைம்னு சொல்லக் கூடாதா சார்?" என்று எதிர்க்கடை பாய் கேட்டால், "எந்த ஊரு டைம்னு அவன் கேக்கலையே பாய்" என்பார். பாய் மளிகைக்கடையோடு ஐ.எஸ்.டி. பூத்தும் வைத்திருந்தவர். வெளிநாட்டுப் போன் எல்லாம் அவர் கடைக்குத்தான் வரும். இவர் குணத்தை முதலில் பிடித்தவரும் பாய்தான். "இந்தாளு பொய் சொல்ல மாட்டாரும்மா. ஆனா கேட்டதுக்கு மேல ஒரு சொல்லு வாங்க முடியாது" என்று என்னிடம் ஒரு நாள் சொன்னார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். என் புத்தி அப்படி.

ஒரு நாள் பெரியவர் ஒருவர் வந்து, "சார், செங்கல்பட்டு வண்டி எத்தினி மணிக்கு?" என்றார்.

"பத்து இருபது."

பெரியவர் வெயிலில் போய் நின்றார். பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டும் ஆயிற்று. திரும்பி வந்து குதித்தார். "இன்னா சார் இது? வண்டி இன்னிக்கு டிப்போவுலயே நின்னுடிச்சாமே!"

"ஆமா, காலைலயே சொன்னாங்க."

"தெரிஞ்சிக்கினே சொல்லாம உட்டியா? பேஜாரா கீதே!"

"நீங்க டைமைத்தானே கேட்டீங்க பெரியவரே?"

நான் பலகைக்கு இந்தப் பக்கமிருந்து, "அடுத்த வாட்டி வக்கீலைக் கூட்டிக்கினு வந்து கேளுங்க பெரியவரே!" என்று கத்தினேன். தெருவே சிரித்தது. அவரும் சிரித்தார். பெரியவர் மட்டும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே போனார். அன்றைக்குச் சிரித்ததை இன்றைக்கு நினைத்தால் எனக்கே வாயில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

முழுக்கக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்கு வேலை சுலபம். ஆனால் காவாந்தண்டலத்தில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். அங்கே ஒரு விவசாயி காலையில் கழனிக்குப் போனவர் வரப்பிலேயே சாய்ந்துவிட்டார். ஒரே மகன், கோலாலம்பூரில் ஓட்டல் வேலை. கொள்ளி வைக்க அவன் வருவானா, அதுவரை உடம்பு தாங்குமா என்று ஊரே அடித்துக்கொண்டது. அன்றைக்கு நேரே வருகிற ஃப்ளைட்டில் இடம் இல்லை. எடுத்துவிடலாம் என்று பங்காளிகள் முடிவுக்கு வந்துவிட்டார்கள். பாய் கடையிலிருந்து செய்தி கேட்டு இவராகவே போனார். யாரும் கூப்பிடவில்லை.

"கோலாலம்பூர் டு சிங்கப்பூர் ஒரு மணி நேரம். அந்த வண்டியில இடம் கீது. அங்க மூணு மணி நேரம் உக்காரணும். சிங்கப்பூர் டு மெட்ராஸ் நாலு மணி நேரம். வெளிய வர ஒரு மணி. கார்ல ரெண்டு மணி. நாளைக்குப் பதினொன்னே காலுக்குப் பையன் இங்க நிப்பான். ஐஸு கட்டிய வாங்கிப் போடுங்க. எடுக்காதீங்க."

மறுநாள் பதினொன்று பத்துக்கு அம்பாசிடர் வந்து நின்றது. மகன் இறங்கி விழுந்து புரண்டான். இவர் ஓரமாக நின்று வாட்சைப் பார்த்து, இரண்டரையைக் கழித்துப் பார்த்து, "அஞ்சு நிமிஷம் முன்னாடியே வந்துட்டானே, எங்க தப்பு பண்ணேன்" என்று முனகினாராம். அந்தக் குடும்பம் அவர் காலில் விழாத குறைதான். அதற்குப் பிறகு சுற்றுப்பட்டு கிராமத்துக்கெல்லாம் அவர் சொன்ன நேரம் வேதவாக்கு ஆகிவிட்டது.

என் தம்பி ஏழுமலைக்கு அப்போது இருபத்து நாலு வயது. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டுக் காஞ்சிபுரத்தில் ஒரு லேத் பட்டறையில் இருந்தான். அப்பா இல்லாத வீடு. அவனும் நானும் அம்மாவும்தான். மலேசியா, மலேசியா என்று ஒரு வருஷமாக அதே பாட்டு. அவன் பலகைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்த அன்று நான் மெஷினை நிறுத்திவிட்டேன்.

"நேரா மலேசியா விசா இப்ப டைட்டு தம்பி. பாங்காக் விசிட் விசா கெடைக்கும். மெட்ராஸ் டு பாங்காக் மூணு மணி இருபது நிமிஷம். பாங்காக் டு கே.எல். ரெண்டு மணி பத்து நிமிஷம்."

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இன்ச் டேப்பைக் கழுத்தில் போட்டபடியே அந்தப் பக்கம் போனேன்.

"சார், பாங்காக்லேர்ந்து கோலாலம்பூர் எவ்ளோ தூரம் சார்?"

கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கண்ணாடி மேல் உட்கார்ந்தன. "ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர்ம்மா. ஃப்ளைட் டைம் ரெண்டு மணி பத்து நிமிஷம்."

"நடுவுல ஒண்ணும் பேஜாரு இருக்காதே?"

"ஃப்ளைட்ல இன்னாம்மா பேஜாரு? சாப்பாடு குடுக்கறான், தண்ணி குடுக்கறான்."

"அங்க யாரு சார் பாத்துப்பாங்க?"

"நம்ம ஆளு கீறாரு. அவரு அனுச்சி வெப்பாரு."

நாலு வருஷம் அந்த மனுஷன் பேச்சைக் கேட்டு வளர்ந்தவள் நான். பாய் சொன்னதும் எனக்குத் தெரியும், பெரியவர் வெயிலில் நின்றதும் தெரியும். இருந்தும், 'பாங்காக்கிலிருந்து என் தம்பி ஃப்ளைட்டில்தான் போகிறானா?' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜாக்கெட் துணியில் அரை இன்ச் குறைந்தால் பத்துக் கேள்வி கேட்கிறவள், கூடப்பிறந்தவன் போகிற வழியைக் கேட்கவில்லை. மெட்ராஸ் டு பாங்காக் டிக்கெட்டைக் காட்டினார், வாங்கிப் பார்த்தேன். இன்னொரு டிக்கெட் எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை. ரெண்டு மணி பத்து நிமிஷம் என்று ஒருவர் அவ்வளவு துல்லியமாகச் சொன்னால் அப்புறம் என்ன சந்தேகம் வரும்?

கிளம்புகிற அன்று அம்மா பையில் எள்ளுருண்டை, கேழ்வரகு அடை, ஒரு போர்வை எல்லாம் அடைத்து வைத்திருந்தாள். நான் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தேன்.

"இன்னாடி பண்ற?" என்றாள் அம்மா.

"ரெண்டு மணி நேரப் பயணத்துக்குப் போர்வை எதுக்கும்மா? ஃப்ளைட்ல சாப்பாடு போடறான். பார்க்கறவன் சிரிப்பான்."

தம்பி பட்டறைக்குப் போட்டுக்கொண்டு போகிற ஷூவை மாட்டிக்கொண்டு நின்றான். கனமான தோல் ஷூ, முன்னால் இரும்பு வைத்தது, எண்ணெய்க் கறை படிந்தது. எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "ஏண்டா, லேத்து ஓட்டவா போற? கழட்டுடா அத்த." நான் ஆசையாக வாங்கி வைத்திருந்த புதுச் செருப்பை எடுத்து முன்னால் போட்டேன். "இல்லக்கா, சாரு..." என்று ஆரம்பித்தான். "சாராவது மோராவது, போடுடா" என்றேன். போட்டுக்கொண்டான். எப்போதும் என் பேச்சைத் தட்டாத பிள்ளை.

புதன்கிழமை ஏறினான். வியாழக்கிழமை பாய் கடைக்குப் போன் வந்தது. "அக்கா, பாங்காக் வந்துட்டேன். இங்கயும் நம்மூரு மாதிரியே சூடா கீது. சாயந்தரம் கே.எல். போறோம்."

வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பலகைக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன்.

"சார், போனே வரலையே."

"வருவாம்மா. ரெண்டு மணி பத்து நிமிஷந்தானே."

"மூணு நாளாச்சு சார்."

"ஃப்ளைட் டைம் ரெண்டு மணி பத்து நிமிஷந்தாம்மா" என்றார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடி மேலிருந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அம்மா காலையில் பாய் கடை திறக்கும்போதே போய் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிடுவாள். பாய் சாத்தும்போதுதான் எழுந்திருப்பாள். பாய் டீ வரவழைத்துக் கொடுப்பார். "குடிம்மா. போன் வந்தா நானே உன் கையில குடுக்கறேன். நாஷ்டாகூடப் பண்ணாம இப்படி உக்காந்திருந்தா எப்படி?" டீ ஆறிப் போய் ஆடை கட்டும். அவளுக்கு உலகத்தில் ஒரே ஒரு கவலைதான் மிச்சம் இருந்தது, பிள்ளை போய்ச் சேர்ந்தானா என்று. எனக்கும் அதுதான். போன் மணி அடித்தால் எனக்கு ஊசி கோணலாகப் போகும். வேறு யாருக்கோ வந்த போனாக இருக்கும்.

பன்னிரண்டாம் நாள் அவன் போன் வந்தது. குரல் மூக்கில் பேசுகிற மாதிரி இருந்தது. "அம்மா, வந்து சேந்துட்டேன்." அவ்வளவுதான். வைத்துவிட்டான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நேரே ஸ்வீட் கடைக்கு ஓடினேன். அரைக் கிலோ ஜாங்கிரி வாங்கிக்கொண்டு போய் அந்த மனுஷனுக்குக் கொடுத்தேன். "உங்க புண்ணியம் சார்" என்றேன். என் வாயால் சொன்னேன். அவர் ஒன்றை எடுத்து, பாதி பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, "அதான் சொன்னனேம்மா" என்றார்.

தம்பி மூன்று வருஷம் கழித்து வந்தான். அவனாக வரவில்லை, பிடித்து அனுப்பினார்கள். அதற்கு முன் அங்கே ஜெயிலில் நாலு மாசம். வாசலில் வந்து நின்றவனை அம்மா கண் மேல் கை வைத்து யார் என்று பார்த்தாள். வலது காலை இழுத்து இழுத்து நடந்தான். உள்ளே வந்து உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றினான். அந்தக் காலில் மூன்று விரல் இல்லை.

ஐயோ என்று அம்மா போட்ட சத்தத்துக்குத் தெருவே கூடிவிட்டது.

இரண்டாம் நாள் ஃபாரின் சார் வந்தார், கையில் ஆப்பிள் பையோடு. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தம்பியின் காலைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கேட்டார், "வரும்போது கோலாலம்பூர் டு மெட்ராஸ் ஃப்ளைட்டு எம்மா நேரம் எடுத்தான் தம்பி?"

"தெரியல சார். தூங்கிட்டேன்."

"மூணு அம்பது எடுத்திருப்பான்" என்றார். அவர் முகத்தில் ஒரு ஏமாற்றம் தெரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் காலைப் பார்த்து வராத ஏமாற்றம்.

தம்பி ஒரேயடியாக எதையும் சொல்லவில்லை. சாப்பிடும்போது ஒரு வாக்கியம், வெந்நீரில் காலை வைத்திருக்கும்போது ஒரு வாக்கியம். பாங்காக்கில் இறங்கிய மறுநாளே பதினாலு பேரை ஒரு வேனில் அடைத்துத் தார்ப்பாயைப் போட்டு மூடியிருக்கிறார்கள். இரண்டு நாள் ஒரு ரப்பர்த் தோட்டத்துக் கொட்டகையில். அதற்கப்புறம் நடை. மலை, காடு, விடாத மழை, அட்டை. முதல் நாளிலேயே செருப்பு வார் அறுந்துவிட்டது. வெறுங்காலில் நடந்தபோது மூங்கில் குருத்து குத்தியது. துணியைச் சுற்றிக்கொண்டு ஆறு நாள் நடந்திருக்கிறான். பிறகு மீன் பெட்டி ஏற்றுகிற லாரியில் படுக்க வைத்துக் கொண்டுபோய் இறக்கினார்கள். செம்பனை என்கிற எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில் வேலை. பேப்பர் இல்லாதவன் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவான்? கால் அழுகி, வாடை தாங்காமல் கூட இருந்தவர்கள்தான் ஒரு கம்பவுண்டரைக் கூட்டி வந்து விரலை எடுத்திருக்கிறார்கள்.

"காட்டுல நடக்கச் சொல்ல தலைக்கு மேல ஃப்ளைட்டு போவும்க்கா" என்றான். "இப்ப போறானே, இவன் ரெண்டு மணி பத்து நிமிஷத்துல எறங்கிடுவான்னு கணக்குப் போட்டுக்கினே நடப்பேன்."

"அந்த ஆளுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்குமாடா? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை உங்கிட்ட சொன்னானா?"

தம்பி தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "பட்டறை ஷூவையே போட்டுக்கினு போன்னு சொன்னாருக்கா. எதுக்கு சார்னு நான்தான் கேக்கல."

அம்மா சாதம் போட்ட கரண்டியோடு அப்படியே நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பரவாயில்லை. தம்பி என்னைக் குறை சொல்லி இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் நான் அழுது தீர்த்திருப்பேன். அவன் மோர் கேட்டான். ஊற்றினேன்.

அந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது. நடக்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு, மனசு கேட்காமல், வாயிலிருந்து ஒரு ஷூவை மட்டும் நழுவ விட்டிருக்கிறார். அதையும் கழற்றியவள் நான்.

மறுநாள் காலை கடையைத் திறக்காமல் நேரே அவர் ஆபீஸுக்குள் போனேன். பெஞ்சில் ஒரு அம்மாவும் மகனும் உட்கார்ந்திருந்தார்கள். திருமுக்கூடலிலிருந்து வந்தவர்கள் என்பது பேச்சில் தெரிந்தது. வெயிலில் கறுத்த கை, மடியில் மஞ்சள் பை. கண்ணாடி மேல் அவருடைய இரண்டு விரலும் பாங்காக்கிலும் கோலாலம்பூரிலும் இருந்தன.

"சார், நடக்கணும்னு உங்களுக்குத் தெரியும் இல்ல?"

விரலை எடுக்காமலே நிமிர்ந்தார். நான் எதைக் கேட்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"தெரியும்மா."

"ஏன் சார் சொல்லல?"

"நீ கேக்கலையேம்மா."

"கேட்டிருந்தா?"

"சொல்லியிருப்பேன்."

சொல்லியிருப்பார். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. பொய்யன் என்று காறித் துப்பவாவது ஒரு வழி வைத்தாரா அந்தப் பாவி? நாசமாய்ப் போக. நான் பெஞ்சுப் பக்கம் திரும்பினேன்.

"யம்மா, இவரு சொல்றாரே ரெண்டு மணி பத்து நிமிஷம், என் தம்பிக்கு அது பதினோரு நாளாச்சு! பதினோரு நாளு, காட்டு வழியா!"

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, என்னிடம் மெல்லக் கேட்டாள்.

"ஆனா போய்ச் சேந்துட்டான் இல்ல?"

வாய் வரை வந்தது. மூன்று விரல், ஜெயில், அழுகின வாடை எல்லாம் நாக்கு நுனியில் நின்றது. விரலைச் சொன்னால் வெறுங்காலைச் சொல்ல வேண்டும். வெறுங்காலைச் சொன்னால், ஷூ இல்லாமலா அனுப்பினாய் என்று அவள் கேட்பாள். எதிரில் அந்த மனுஷன் உட்கார்ந்திருந்தார். ஷூவைப் பற்றி ஊரில் தெரிந்த நாலு பேரில் அவரும் ஒருவர். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேந்துட்டான்" என்றேன்.

அந்த அம்மா முகம் தெளிந்தது. மஞ்சள் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மேஜை மேல் வைத்தாள். நான் வெளியே வந்து கடையைத் திறந்து மெஷினில் உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் அந்தப் பலகைக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவருமாக இருந்தோம். அந்தத் திருமுக்கூடல் பிள்ளை என்றைக்குக் கிளம்பினான், எத்தனை நாளில் சேர்ந்தான், சேர்ந்தானா இல்லையா, எல்லாம் அவருக்குத் தெரியும். கேட்டிருந்தால் நிமிஷக் கணக்கோடு சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை.